ஊட்டி வளர்த்தால் மருந்து சுரக்காது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பாக்டீரியாவைக் கொண்டு மருந்து தயாரிப்பது குறித்து நாளிதழ்களில் வரும் செய்திகளை நான் ஒன்றுவிடாமல் படித்து வருகிறேன். பெரும்பாலானவற்றில் ஒரு கருத்து மாறாமல் இடம்பெறுகிறது. உரிய மரபணு கிடைத்துவிட்டால் போதும், அந்த நுண்ணுயிர் ஒரு தொழிற்சாலையாகி மருந்தைக் கொட்டத் தொடங்கிவிடும் என்பதே அது. நுண்ணுயிர்களைக் கலன்களில் வளர்த்துப் பொருள் எடுக்கும் நொதித்தல் துறையில் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்தவன் நான். மரபணு கையில் இருந்தும் மருந்து வராமல் போன நாள்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன்.

பாக்டீரியாவும் உண்கிறது, உண்டதைச் சிதைத்து ஆற்றல் பெறுகிறது, சிதைத்த துண்டுகளைக் கொண்டு தன் உடலைக் கட்டிக்கொள்கிறது. இந்த வேதிவினைகள் அனைத்தையும் சேர்த்தே வளர்சிதை மாற்றம் என்கிறோம். நமக்குத் தேவையான மருந்து, இந்தப் பெரிய வலைப்பின்னலின் ஓரத்தில், சில வேளைகளில் மட்டும் உருவாகும் பொருள். அந்த வேளை எப்போது வரும் என்பதை மரபணு தனியே தீர்மானிப்பதில்லை. அந்த உயிருக்கு என்ன உணவு, எவ்வளவு, எந்த வேகத்தில் கிடைக்கிறது என்பதும் சேர்ந்தே தீர்மானிக்கிறது.

இதை எனக்கு ஒரு தோல்விதான் கற்றுக்கொடுத்தது. வேலையில் சேர்ந்த புதிதில், ஸ்ட்ரெப்டோமைசிஸ் இனத்தைச் சேர்ந்த பாக்டீரியாவிலிருந்து ஒரு ஆன்டிபயாட்டிக் எடுக்கும் பிரிவில் இருந்தேன். மூன்றாம் நாள் ஃபெர்மென்டரிலிருந்து, அதாவது பாக்டீரியாவை வளர்க்கும் கலனிலிருந்து, எடுத்த மாதிரி வழக்கத்தைவிடக் கெட்டியாக, கூழ்போல இருந்தது. நுண்நோக்கியில் வைத்துப் பார்த்தால் இழைகள் அடர்ந்து பின்னிக் கிடந்தன. பேட்ச் நன்றாக வளர்ந்திருக்கிறது என்று பதிவேட்டில் மகிழ்ச்சியோடு எழுதினேன். எங்கள் மேலாளர் குடுவையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். வழக்கமாக அந்நேரத்துக்குள் பழுப்பேறியிருக்க வேண்டிய திரவம் இன்னும் பாலாடை நிறத்திலேயே இருந்தது. "தம்பி, பயிர் செழிச்சிருக்கு, கதிர் இருக்காது" என்றார்.

அவர் சொன்னதே நடந்தது. அந்த மருந்துக்கு மடியக்கூடிய வேறொரு பாக்டீரியாவைப் பரப்பிய அகார் கூழ்த் தட்டில் குழியிட்டு அந்தத் திரவத்தை ஊற்றி வைத்தோம். மருந்து இருந்தால் மறுநாள் குழியைச் சுற்றிக் கண்ணாடிபோலத் தெளிந்த வட்டம் தெரியும், அதன் விட்டத்தை அளந்தே மருந்தின் அளவைக் கணக்கிடுவோம். அன்று எல்லாக் குழிகளின் விளிம்பு வரையிலும் பாக்டீரியா வெண்மையாகப் படர்ந்திருந்தது. காரணத்தைத் தேடி ஒரு வாரம் அலைந்தோம். கல்ச்சரில், அதாவது வளர்க்க எடுத்த பாக்டீரியாவில், குறையில்லை, வெப்பநிலையும் காற்றோட்டமும் சரியாகவே இருந்தன. கடைசியில் ஊடகத்தில், அதாவது பாக்டீரியாவுக்கு உணவாகும் கரைசலில், சேர்க்கும் ஒரு பொருளில் அது பிடிபட்டது. சோளம் ஊறிய நீரைச் சுண்டக் காய்ச்சிய குழம்பு அது. புதிதாக வந்த சரக்கில் பாஸ்பேட்டின் அளவு கூடியிருந்தது. அவ்வளவுதான் காரணம். அந்தப் பாக்டீரியாவின் மரபணுக்களில் ஓரெழுத்துகூட மாறியிருக்கவில்லை.

பாஸ்பேட் கெடுதலான பொருள் அல்ல. அது இல்லாமல் எந்த உயிரணுவும் டி.என்.ஏ.வையோ, ஆற்றலைச் சுமக்கும் ஏ.டி.பி.யையோ உருவாக்க முடியாது. ஸ்ட்ரெப்டோமைசிஸ் போன்றவை 300 மில்லிமோலார் (கரைசலின் செறிவைச் சொல்லும் அலகு) வரை பாஸ்பேட் உள்ள ஊடகத்திலும் நன்றாக வளரக்கூடியவை. ஆனால் 10 மில்லிமோலார் அளவிலேயே பல ஆன்டிபயாட்டிக்குகளின் உற்பத்தி அடங்கிவிடுகிறது. பாஸ்பேட் தாராளமாகக் கிடைக்கும்வரை, வளர்வதற்கு இதுவே தருணம் என்று உயிரணுவின் உணர்வுப் புரதங்கள் அறிவித்துக்கொண்டே இருக்கின்றன, மருந்துக்கான மரபணுக்கள் உறங்கிக்கொண்டே இருக்கின்றன. ஸ்ட்ரெப்டோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக் விஷயத்தில் இன்னொரு தடையும் உண்டு. அந்த மூலக்கூறு உருவாகும்போது அதன்மேல் ஒரு பாஸ்பேட் ஒட்டியிருக்கும், கடைசிப் படியில் ஒரு நொதி அதை வெட்டி எடுத்தால்தான் மருந்துக்கு வீரியம் வரும். சுற்றிலும் பாஸ்பேட் மிகுந்திருந்தால் அந்த நொதி வேலை செய்யாது. ஆகவே மருந்து முக்கால்வாசி தயாராகியும் பயனற்ற வடிவிலேயே தங்கிவிடுகிறது.

ஏன் இப்படி என்பதற்கு மண்ணைத்தான் பார்க்க வேண்டும். ஸ்ட்ரெப்டோமைசிஸ் மண்ணில் வாழ்வது. முதல் மழைக்குப் பின் எழும் மண்வாசனைக்கு முக்கியக் காரணமான ஜியோஸ்மின் என்ற பொருள் இதுபோன்ற பாக்டீரியாக்கள் உண்டாக்குவதே. லிட்டர் நீரில் சில நானோகிராம் இருந்தாலே நம் மூக்கு அதைக் கண்டுகொள்ளும். மண்ணில் உணவு எப்போதாவது கிடைக்கும், கிடைப்பதும் விரைவில் தீர்ந்துவிடும். உணவு இருக்கும்வரை இந்த உயிர் இழைகளாகப் படர்ந்து வளர்கிறது. தீர்ந்ததும் தன் இழைகளில் ஒரு பகுதியைத் தானே சிதைத்து, அந்தச் சத்தைக் கொண்டு மேல்நோக்கி வேறு இழைகளை எழுப்பி வித்துகளை உருவாக்குகிறது. சிதையும் இழைகளிலிருந்து கசியும் சத்து அக்கம்பக்கத்து நுண்ணுயிர்களை ஈர்க்கும். ஆன்டிபயாட்டிக் வெளிப்படுவதும் பெரும்பாலும் இந்த நேரத்தில்தான். கையிருப்பைக் காக்கும் வேலி அது என்று ஆய்வாளர்களில் பலர் கருதுகிறார்கள். நான் பார்த்தவரை எனக்கும் அந்த விளக்கம் பொருத்தமாகவே படுகிறது. வளரும் காலம் வேறு, சுரக்கும் காலம் வேறு என்பதே இந்தத் தொழிலின் அரிச்சுவடி.

சர்க்கரைக்கும் இதே கதைதான். குளுக்கோஸ் எளிதில் செரிக்கும் உணவு. அது இருக்கும்போது பல பாக்டீரியாக்கள் மற்ற வேலைகளை ஒதுக்கி வைத்துவிடுகின்றன. ஆகவே மருந்துத் தயாரிப்பில் மெதுவாகச் செரிக்கும் மாவுச்சத்து, எண்ணெய், சோயா மாவு போன்றவற்றைக் கொடுக்கிறார்கள். குளுக்கோஸ் கொடுக்க வேண்டியிருந்தால் சொட்டுச் சொட்டாக விடுகிறார்கள். பாக்டீரியா அல்லாத பூஞ்சையான பெனிசிலியத்திலும் இதையே கண்டார்கள். 1940களில் அமெரிக்காவின் பியோரியா ஆய்வகத்தில் பெனிசிலினின் அளவைக் கூட்ட முயன்றபோது, மெதுவாகச் செரிக்கும் உணவான லாக்டோஸும் மேலே நான் சொன்ன சோள ஊறல் குழம்பும் பெரிதும் கைகொடுத்தன. அங்கே மருந்தைப் பெருக்கிய அதே குழம்பு எங்கள் பேட்ச்சைக் கெடுத்ததை எண்ணிப் பார்க்கிறேன். எந்த உயிர், எந்த மருந்து, எந்த அளவு என்ற மூன்றையும் சேர்த்துப் பார்க்காமல் ஒரு பொருளை நல்லது, கெட்டது என்று சொல்ல முடியாது.

பசி மட்டுமே போதுமா என்றால், அதுவும் இல்லை. மூலப்பொருளும் வேண்டும். எரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக்கை எடுத்துக்கொள்வோம். அதன் வளையம், மூன்று கார்பன் அணுக்கள் கொண்ட ஏழு துண்டுகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்துக் கட்டப்படுவது, மொத்தம் 21 கார்பன். இந்தத் துண்டுகளை மருந்துக்கென்று யாரும் தனியே தருவதில்லை. கொழுப்பையும் அமினோ அமிலங்களையும் சிதைக்கும் அன்றாட வினைகளிலிருந்தே அவை வர வேண்டும். உயிரணு அவற்றைத் தன் ஆற்றல் தேவைக்கு எரித்துவிட்டால், கோக்கும் நொதிகள் எத்தனை இருந்தும் கோக்கப் பொருள் இராது. எரித்ரோமைசின் தயாரிப்பில் புரோப்பனாலை அளவாகச் சேர்ப்பது இந்தத் துண்டுகளின் வரத்தைக் கூட்டத்தான்.

கிளாவுலானிக் அமிலத்தின் கதை இதைவிடத் தெளிவானது. அமாக்சிசிலினோடு சேர்த்துக் கொடுக்கப்படும் இந்த மருந்தை ஸ்ட்ரெப்டோமைசிஸ் கிளாவுலிஜெரஸ் தயாரிக்கிறது. குளுக்கோஸ் சிதையும் பாதையின் நடுவில் தோன்றும் கிளிசரால்டிஹைடு பாஸ்பேட்டும், அர்ஜினைன் என்ற அமினோ அமிலமும் அதன் மூலப்பொருள்கள். முதலாவது பொருளுக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, மேலும் சிதைந்து ஆற்றலாவது. மற்றொன்று, மருந்தாவது. முதல் வழியில் நிற்கும் நொதியின் மரபணுக்களில் ஒன்றை 2006இல் ஆய்வாளர்கள் நீக்கிப் பார்த்தபோது மருந்தின் அளவு ஏறத்தாழ இரண்டு மடங்கானது. அர்ஜினைனையும் சேர்த்துக் கொடுத்தபோது இன்னும் உயர்ந்தது. அவர்கள் மருந்துக்கான மரபணுக்களைத் தொடவே இல்லை. ஏறத்தாழ எல்லா உயிர்களுக்கும் பொதுவான சர்க்கரைச் சிதைவில் ஒரு மடையை அடைத்து, நீரை வேறு வாய்க்காலில் திருப்பினார்கள்.

ஊட்டம் மருந்தின் அளவை மட்டும் மாற்றுவதில்லை, எந்த மருந்து வரும் என்பதையே மாற்றக்கூடியது. 2003இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற டாப்டோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக் இதற்கு நல்ல சான்று. அதைத் தரும் பாக்டீரியாவை அதன் போக்கில் விட்டால் 11, 12, 13 கார்பன் நீளமுள்ள கொழுப்பு வால்களைக் கொண்ட மூலக்கூறுகளைக் கலந்து தருகிறது. மருந்தாக வேண்டியதோ 10 கார்பன் வால் உள்ளது. இதற்காக 10 கார்பன் கொண்ட டெக்கனாயிக் அமிலத்தை ஊட்டுகிறார்கள். கிடைத்த வாலையே பாக்டீரியா ஒட்டிக்கொள்கிறது. ஆனால் அந்த அமிலம் கூடினால் பாக்டீரியாவுக்கே நஞ்சு. ஆகவே அது எவ்வளவு வேகத்தில் உண்கிறதோ அவ்வளவு வேகத்தில் மட்டுமே ஊட்ட வேண்டும். இரவுப் பணியில் இத்தகைய ஊட்டக் குழாயின் அருகே உட்கார்ந்திருந்தவர்களுக்குத் தெரியும், பம்பின் வேகம் சற்றே தவறினாலும் ஆக்சிஜன் அளவைக் காட்டும் கோடு எப்படித் துள்ளும் என்று. பாக்டீரியா மூச்சுவிடுவது குறைந்தால் கரைந்துள்ள ஆக்சிஜன் திடீரென ஏறும். அந்தக் கோட்டை நாங்கள் நாடித்துடிப்பைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருப்போம்.

வைட்டமின் பி12 குறித்து ஒரு வரி. அதைத் தாவரமோ விலங்கோ உருவாக்குவதில்லை. பாக்டீரியாக்களும் அவற்றைப் போன்ற ஆர்க்கியாக்களுமே உருவாக்குகின்றன. முப்பது வினைகள் அளவுக்கு நீளும் அந்தப் பாதையில் ஒரு கோபால்ட் அணு சேர வேண்டும், ஊடகத்தில் கோபால்ட் உப்பு இல்லையென்றால் அவ்வளவு வினைகளும் வீணே.

இவையெல்லாம் பாக்டீரியா இயல்பாகவே தயாரிக்கும் பொருள்கள், வெளியிலிருந்து மரபணுவைச் செலுத்தும்போது இந்தச் சிக்கல் இராதே என்று சிலர் கேட்கலாம். செய்திகளில் பெரும்பாலும் வருவது அந்த வகைதான் என்பதால் இதைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். மனித இன்சுலினின் மரபணுவை எஷெரிக்கியா கோலை (ஈ.கோலை) என்ற குடல் பாக்டீரியாவில் செலுத்தி இன்சுலின் எடுத்தது 1978இல். அது மருந்தாக அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது 1982இல். நொதித்தலைப் பெரிய அளவில் செய்வதற்கு அந்தப் பாக்டீரியாவின் உணவுப் பழக்கத்தோடு போராட வேண்டியிருந்தது, இன்றும் போராட வேண்டியிருக்கிறது. குளுக்கோஸ் நிறையக் கிடைத்தால் எஷெரிக்கியா கோலை அதை முழுவதும் எரித்து முடிக்கும் திறனைவிட வேகமாக விழுங்குகிறது. எரிக்க முடியாமல் மிஞ்சுவதை அசிட்டேட்டாக வெளியே கொட்டுகிறது. ஆக்சிஜன் போதிய அளவு இருந்தாலும் இது நடக்கும். ஃபெர்மென்டரின் வெளிக்காற்றுக் குழாயருகே நின்றால் சில வேளை புளிப்பு வாடை மூக்கில் ஏறும், அமிலத்தன்மையின் அளவான பி.எச்.சைச் சரிசெய்யும் காரம் வழக்கத்தைவிட வேகமாகக் கரையும். அசிட்டேட் லிட்டருக்குச் சில கிராம் சேர்ந்ததுமே வளர்ச்சி தளர்கிறது, நாம் வேண்டும் புரதத்தின் உற்பத்தியும் குறைகிறது. ஆகவே அங்கேயும் சர்க்கரையை அளந்து சொட்டவிட்டு, பாக்டீரியாவை எப்போதும் சற்றுப் பசியோடு வைத்திருப்பதே வழி. மேலும், அந்நியப் புரதத்தை உருவாக்கக் கட்டளையிட்டதும் அமினோ அமிலங்கள், ஆற்றல், புரதம் கட்டும் ரைபோசோம்கள் எல்லாம் அந்தப் பக்கம் திரும்புகின்றன. உயிரணு தன்னைத் தானே பராமரிக்க முடியாமல் திணறுகிறது. அந்நிய மரபணு என்ற சுமையைக் கழற்றிவிட்ட உயிரணுக்கள் வேகமாகப் பெருகி, சுமக்கும் உயிரணுக்களைச் சிறுபான்மையாக்கிவிடுகின்றன. இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கக்கூடிய உயிரில் இதற்கு அதிக நாள் பிடிப்பதில்லை.

மலேரியா மருந்தான ஆர்ட்டிமிசினினின் முன்பொருளை நுண்ணுயிரில் தயாரிக்க எடுத்த முயற்சியிலும் இதையே பார்க்கிறோம். முதலில் எஷெரிக்கியா கோலையில் ஈஸ்ட்டின் வினைப்பாதையைப் பொருத்தியபோது, இடையில் தோன்றும் ஒரு பொருள் தேங்கி பாக்டீரியாவின் வளர்ச்சியையே தடுத்தது. ஒரு படியின் வேகம் அடுத்த படியின் வேகத்தோடு ஒத்துப்போகாததே காரணம். பின்னர் ஈஸ்ட்டுக்கு மாறி, பாதையின் ஒவ்வொரு கட்டத்தையும் சீராக்கி, 2013இல் லிட்டருக்கு 25 கிராம் ஆர்ட்டிமிசினிக் அமிலம் (அந்த முன்பொருள்) என்ற அளவை எட்டினார்கள். முதல் வெற்றி என்று செய்தி வந்ததற்கும் அந்த அளவை எட்டியதற்கும் இடையே பத்தாண்டு உழைப்பு இருக்கிறது. அந்தப் பத்தாண்டு பற்றிச் செய்திகளில் ஒரு சொல்லும் வருவதில்லை என்பதே என் வருத்தம்.

புதிய ஆன்டிபயாட்டிக்குகள் வற்றிவிட்டன என்று கவலைப்படுவோர் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்றும் உண்டு. ஸ்ட்ரெப்டோமைசிஸ் கோலிகலர் என்ற பாக்டீரியாவின் மரபணுத்தொகுதி 2002இல் முழுமையாக வெளியானது. 7,825 மரபணுக்கள். பல பத்தாண்டுகளாக ஆய்வகங்களில் வளர்ந்த உயிர் அது. அது தரும் பொருள்களில் அதுவரை தெரிந்திருந்தவற்றை விரல்விட்டு எண்ணிவிடலாம். மரபணுக்களைப் படித்துப் பார்த்தால் அத்தகைய பொருள்களை உருவாக்கும் தொகுப்புகள் இருபதுக்கும் மேல் இருந்தன. மற்றவை எல்லாம் எங்கே என்றால், ஆய்வகத்தில் நாம் கொடுக்கும் வசதியான வாழ்க்கையில் அவை விழிக்கவே இல்லை. ஊடகத்தை மாற்றியும், பாஸ்பேட்டைக் குறைத்தும், வேறு நுண்ணுயிரை அருகில் வளர்த்தும் அவற்றில் சிலவற்றை எழுப்ப முடிகிறது. இந்த விழிப்பூட்டலில் மிக நுண்ணிய சமிக்ஞைகளும் பங்கேற்கின்றன. ஸ்ட்ரெப்டோமைசின் தரும் பாக்டீரியாவில் ஏ-காரணி என்ற பொருளை 1960களில் சோவியத் ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். அதை உருவாக்க முடியாதபடி மரபணு மாறிய வகைகள் வித்தும் தராது, மருந்தும் தராது. நானோமோலார் என்ற மிகச் சிறிய அளவில் வெளியிலிருந்து சேர்த்தால் இரண்டும் திரும்பிவிடும்.

இன்னொன்றையும் பதிவுசெய்ய வேண்டும். சிறுநீரக மாற்று அறுவை செய்துகொண்டவர்களுக்குத் தரப்படும் ராபமைசின், ஈஸ்டர் தீவின் மண்ணில் கிடைத்த ஒரு ஸ்ட்ரெப்டோமைசிஸ் தருவது. 1980களின் தொடக்கத்தில் அது ஆராயப்பட்ட மான்ட்ரியல் ஆய்வகம் மூடப்பட்டபோது, சுரேந்திர நாத் சேகல் என்ற ஆய்வாளர் அந்தக் கல்ச்சரைத் தன் வீட்டுக் குளிர்ப்பெட்டியில் பாதுகாத்து வைத்தார். 1999இல் மருந்து ஒப்புதல் பெற்றது. அந்தக் கல்ச்சருக்கு லைசின் என்ற அமினோ அமிலத்தைக் கூடுதலாகக் கொடுத்தால் மருந்து கூடுகிறது என்பதும், ஃபினைல்அலனினைக் கொடுத்தால் குறைகிறது என்பதும் பிறகு தெரியவந்தன. லைசினிலிருந்து வரும் ஒரு துண்டு அந்த மூலக்கூறின் உடலிலேயே இருக்கிறது. இப்படி ஒரு உயிரின் விருப்பு வெறுப்புகளைப் பொறுமையாகக் கேட்டறியும் வேலைக்கு ஆள் குறைந்துகொண்டே போகிறது. மரபணு வரிசையைப் படிக்கத் தெரிந்த இளைஞர்கள் இன்று நிறையப் பேர் இருக்கிறார்கள், அது மகிழ்ச்சிக்குரியது. பத்து நாள் ஒரு ஃபெர்மென்டரின் பக்கத்தில் நின்று அதன் நிறத்தையும் வாடையையும் நுரையையும் படிக்கத் தெரிந்தவர்களை அதே எண்ணிக்கையில் நான் காணவில்லை. ஆய்வு நிதியும் பாராட்டும் முதல் வகை வேலைக்கே போகின்றன. இதில் நாளிதழ்களுக்கும் ஒரு பங்கு உண்டு என்று உரிமையோடு சொல்கிறேன்.

ஆகவே தங்களிடம் ஒரு வேண்டுகோள். ஒரு பாக்டீரியா புதிய மருந்தைத் தருகிறது என்று அடுத்த முறை செய்தி வரும்போது, தங்கள் செய்தியாளர் ஆய்வாளர்களிடம் இவற்றையும் கேட்டு எழுதட்டும்: ஒரு லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் கிடைக்கிறது? குடுவையில் கிடைத்த அளவா, ஆயிரக்கணக்கான லிட்டர் கொள்ளும் கலனிலும் அதே அளவு கிடைத்ததா? என்ன உணவு கொடுத்தார்கள், எந்த நாளில் சுரக்கத் தொடங்கியது? சோதனைக் குடுவையில் நல்ல பலன் தந்த கல்ச்சர் பெரிய கலனில் ஆக்சிஜன் எட்டாமல் வெறும் கையை விரித்ததை நாங்கள் பலமுறை கண்டிருக்கிறோம். இந்தக் கேள்விகளுக்கு விடை கிடைத்தால், அந்த மருந்து நோயாளியின் கைக்கு வர இன்னும் எவ்வளவு தொலைவு இருக்கிறது என்பதை வாசகர்கள் தாங்களே கணித்துக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
நொதித்தல் துறையில் பணியாற்றி ஓய்வுபெற்ற வாசகர்